‘கெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட சொல் இதுதான். பெரிய பெரிய சொற்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவற்றுக்கு அகராதி போதும். மூன்றே எழுத்துள்ள இந்தச் சொல்லில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ‘காட்’ என்று வருவதெல்லாம் ‘கெட்’டின் இறந்தகாலம், கடவுள் இல்லை. முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பல பதில்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

கெட்-னா ‘பெறு’தானே சார்? அப்புறம் ஏன் கண்ட இடத்துல எல்லாம் வருது?

‘பெறு’ தப்பில்லை, ஆனால் பாதிதான். முன்பு இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்வதுதான் கெட். கையில் இல்லாத பொருள் கைக்கு வந்தால் கெட். சும்மா இருந்தவருக்குக் கோபம் வந்தால் கெட். வெளியே போனவர் வீடு வந்து சேர்ந்தால் கெட். புரியாதது புரிந்தாலும் கெட். அகராதியில் இவை தனித்தனி எண் போட்டு வருவதால் ஐம்பது அர்த்தம் போலத் தெரிகிறது.

பக்கத்தில் ‘ஹேவ்’, ‘இஸ்’ இரண்டையும் வைத்துப் பாருங்கள். ‘ஐ ஹேவ் எ கீ’ என்றால் என்னிடம் சாவி இருக்கிறது. ‘ஐ காட் எ கீ’ என்றால் சாவி கிடைத்தது. ‘இட் இஸ் டார்க்’ என்றால் இருட்டாக இருக்கிறது. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. ஹேவ், இஸ் இரண்டும் இருக்கும் நிலையைச் சொல்கின்றன. கெட் அந்த நிலைக்குள் நுழைவதைச் சொல்கிறது. தமிழில் ‘இரு’வுக்கும் ‘ஆகு’வுக்கும் உள்ள அதே வித்தியாசம்.

இறந்தகாலம் காட்டா, காட்டனா? ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்றாங்க.

இறந்தகாலம் எல்லா நாட்டிலும் ‘காட்’தான். சண்டை மூன்றாவது வடிவத்தில் மட்டும் (‘கோ, வென்ட், கான்’ வரிசையில் ‘கான்’ போல). பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதுவும் ‘காட்’. அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’. காட்டன் அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் பழைய வடிவம். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போனவர்கள் அதைக் கூடவே கொண்டுபோனார்கள். பிறந்த வீட்டில்தான் அது பின்னாளில் வழக்கொழிந்தது. ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லிலும், தவறான வழியில் சேர்ந்த சொத்தைக் குறிக்கும் ‘இல்-காட்டன்’ என்பதிலும் பிரிட்டிஷாரிடம் அதன் மிச்சம் இன்றைக்கும் இருக்கிறது.

எது வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

இது இங்கிலீஷ் சொல்லே இல்லைன்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. தனியாக நிற்கும் ‘கெட்’ ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த ‘கெத்தா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்திலும் அதே வேரில் பிறந்த சொல் இருந்தது; ஆனால் பெரும்பாலும் ஒட்டுச்சொல்லாகத்தான் வாழ்ந்தது. ‘ஃபர்கெட்’ (மற), ‘பிகெட்’ (பிள்ளை பெறு) இரண்டும் அந்தப் பங்காளி வழி வந்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்த ஒலி யகரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நாம் இன்றைக்கு அழுத்தமாகக் ‘க’ என்று சொல்வது நார்ஸ்காரர்கள் விட்டுப்போன பழக்கம்.

வாங்கினேன், கிடைச்சுது, கொண்டு வந்தேன் – எல்லாத்துக்கும் ‘காட்’டுன்னா, கேக்கறவங்களுக்கு எப்படிப் புரியும்?

இந்த விஷயத்தில் தமிழ் நுட்பமானது. கடைக்குப் போய்க் காசு கொடுத்தால் ‘வாங்கினேன்’. தானாக வந்தால் ‘கிடைத்தது’. ‘எனக்கு வேலை கிடைத்தது’ என்று அடக்கமாகச் சொல்கிறோம். ‘வேலை வாங்கினேன்’ என்றால் உள்ளே வேறு கதை இருக்கும். ஆங்கிலக் கெட்டுக்கு இந்தக் கவலை இல்லை. ‘ஐ காட் எ ஜாப்’ என்றால் எப்படி வந்தது என்று வாக்கியம் சொல்லாது. சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். வழியைச் சொல்ல வேண்டுமானால் ‘பாட்’, ‘ஃபவுண்ட்’, ‘ஏர்ன்ட்’ என்று வேறு சொல் போடுங்கள்.

தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்குவதால் ஒரு பிழை வருகிறது. ஒருவர் ‘எ ஜாப் காட் டு மீ’ என்று எழுதிக் காட்டினார். வேலை எனக்குக் கிடைத்தது என்று சொல்ல நினைத்தார். ‘இட் காட் டு மீ’ என்றால் ‘அது என்னைப் படுத்திவிட்டது, மனதைப் பாதித்துவிட்டது’ என்று அர்த்தம். வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆனபின் அந்த வாக்கியம் சரியாக இருந்தாலும் இருக்கலாம்! கிடைத்தவர் ‘ஐ’ என்று முன்னால் வர வேண்டும். கிடைத்த பொருள் பின்னால்.

கொண்டு வரச் சொல்லும்போது ஆளை முதலில் சொல்லுங்கள்: ‘கெட் மீ எ சேர்’. இடையில் ‘டு’ வேண்டாம்.

பிகம், ரிசீவ்-னு கௌரவமா சொல்லலாமே? கெட் கொஞ்சம் லோக்கலா இல்லையா?

கொச்சை இல்லை, வீட்டுச் சட்டை மாதிரி. பேச்சிலும் நண்பர்களுக்கு எழுதுவதிலும் ‘ஐ ரிசீவ்ட் எ கோல்ட்’ என்று யாரும் சொல்வதில்லை. சளி பிடித்தால் ‘ஐ காட் எ கோல்ட்’தான். அலுவலகக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, தேர்வுத் தாள் என்றால் ரிசீவ், ஆப்டெய்ன், பிகம் நல்லது.

ஆனால் கெட்டும் பிகமும் எப்போதும் இடம் மாற்றிக்கொள்ள முடியாது. கெட்டுக்குப் பின் ‘ஆங்க்ரி’, ‘ஓல்ட்’, ‘டயர்ட்’ போன்ற பண்புச்சொல் வந்தால்தான் ‘ஆகு’ என்ற பொருள் வரும். பெயர்ச்சொல் வந்தால் பழைய ‘பெறு’ திரும்பிவிடும். ‘ஹி பிகேம் எ டாக்டர்’ என்றால் அவர் டாக்டர் ஆனார். ‘ஹி காட் எ டாக்டர்’ என்றால் டாக்டரை அழைத்து வந்தார். ஒரு சொல் மாறியதில் மருத்துவர் நோயாளி வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

‘எனக்குக் கோபம் வந்துச்சு’ன்னா ‘ஐ காட் ஆங்கர்’தானே?

இல்லை, ‘ஐ காட் ஆங்க்ரி’. தமிழில் கோபம் என்ற பெயர்ச்சொல் நம்மிடம் வருகிறது. ஆங்கிலத்தில் நாம் கோபமானவராக மாறுகிறோம். பசி, பயம், சலிப்பு எல்லாம் இப்படியே: ‘காட் ஹங்க்ரி’, ‘காட் ஸ்கேர்ட்’, ‘காட் போர்ட்’. நோயின் பெயருக்கு மட்டும் பெயர்ச்சொல் சரி: ‘காட் எ ஃபீவர்’, ‘காட் எ ஹெட்ஏக்’.

கல்யாணத்திலும் இதே தவறு. ‘ஐ காட் மேரேஜ்’ கிடையாது; ‘ஐ காட் மேரீட்’. யாரோடு என்று சொல்ல ‘டு’ போட வேண்டும், ‘வித்’ இல்லை. முதல் பதிலில் சொன்ன வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். ‘ஐ காட் மேரீட் இன் 2015’ என்றால் அந்த வருடம் கல்யாணம் நடந்தது. ‘ஐ வாஸ் மேரீட் இன் 2015’ என்றால் அந்த வருடம் நடந்தது என்றும் கொள்ளலாம், அந்த வருடம் திருமணமானவராக இருந்தேன் என்றும் கொள்ளலாம். இரண்டாவது பொருளில் எடுத்துக்கொண்டு, இப்போது என்ன ஆயிற்று என்று எதிராளி தயங்குவார்.

அப்போ எல்லா ‘ஆகு’வுக்கும் கெட் போட்டுடலாமா?

முடியாது. கண் தெரியாமல் போவது, காது கேட்காமல் போவது, பைத்தியம் பிடிப்பது, கெட்டுப்போவது இவற்றுக்கு ‘கோ’: ‘கோ பிளைண்ட்’, ‘கோ டெஃப்’, ‘கோ மேட்’, ‘கோ பேட்’. தமிழிலும் இங்கே ‘போ’ வருகிறது, கவனித்தீர்களா? நிறம் மாறுவதற்கு ‘டர்ன்’ அல்லது ‘கோ’. தூங்கிவிட்டால் ‘ஃபால் அஸ்லீப்’. இவற்றுக்கு விதி தேடாதீர்கள். காதில் விழுந்து விழுந்துதான் பழகும்.

‘திட்டு வாங்கினேன்’ங்கறதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பள்ளியில் செயப்பாட்டு வினை படித்தபோது ‘நான் திட்டப்பட்டேன்’ என்று எழுதியிருப்போம். அப்படி யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாம் சொல்வது திட்டு வாங்கினேன், அடி வாங்கினான், பாராட்டு வாங்கினாள். ஆங்கிலத்திலும் பேச்சில் அதே வேலையைக் கெட் செய்கிறது: ‘ஐ காட் ஸ்கோல்டட்’. மாட்டிக்கொண்டான் என்றால் ‘ஹி காட் காட்’. இதில் முதல் காட் நம்முடையது, இரண்டாவது ‘கேட்ச்’சின் மூன்றாவது வடிவம். தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிகிறது. ஒலியில், இரண்டாவதன் உயிரொலி ‘கா’வுக்கும் ‘கோ’வுக்கும் நடுவில் சற்று நீண்டு ஒலிக்கும்.

‘வாஸ்’ போட்டாலும் இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘த விண்டோ வாஸ் புரோக்கன்’ என்பது, நான் போனபோது ஜன்னல் உடைந்து கிடந்தது என்றும் பொருள்படும். ‘த விண்டோ காட் புரோக்கன்’ என்றால் உடைந்த நிகழ்ச்சி மட்டுமே. அதோடு கெட் போட்டால் நல்லதோ கெட்டதோ யாருக்கோ ஏதோ நேர்ந்துவிட்டது என்ற தொனி வரும். அதனால்தான் திட்டு, அடி, திருட்டு, பதவி உயர்வு, பரிசு இவற்றோடெல்லாம் நன்றாகப் பொருந்துகிறது. எந்த மாற்றமும் நடக்காத வினைகளோடு ஒட்டாது. ‘த ஹவுஸ் இஸ் ஓன்ட் பை ஹெர்’ சரி. அங்கே ‘காட் ஓன்ட்’ என்றால் காது சுளிக்கும்.

‘ஐ கட் மை ஹேர்’னு சொன்னா ஏன் சிரிக்கறாங்க?

ஏனென்றால் நீங்களே கண்ணாடி முன்னால் கத்தரியோடு நின்றதாக அர்த்தமாகிறது. தமிழில் ‘முடி வெட்டினேன்’ என்றாலே வெட்டியவர் வேறொருவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: ‘ஐ காட் மை ஹேர் கட்’. கெட், அப்புறம் பொருள், அப்புறம் மூன்றாவது வடிவம். ‘ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்’, ‘வி காட் த ஹவுஸ் பெயின்டட்’. ‘காட் ரிப்பேர்ட் மை ஃபோன்’ என்று வரிசை மாறினால் வாக்கியம் உடைந்துவிடும். காட் இருக்கும் இடத்தில் ‘ஹேட்’ போட்டாலும் அதே பொருள். சற்று மிடுக்கு கூடும்.

ஒருத்தரை வேலை செய்ய வைக்கறதுக்கு கெட்டா, மேக்கா, ஹேவ்வா, லெட்டா? தலை சுத்துது.

தமிழில் ‘செய்ய வைத்தேன்’ என்று ஒரே அச்சில் வார்த்துவிடுகிறோம். ஆங்கிலம் எப்படிச் செய்ய வைத்தாய் என்று கேட்கிறது. அவர் கையெழுத்துப் போடத் தயங்கினார், பேசிப் பேசி, கொஞ்சம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. அவருக்கு வேறு வழியே வைக்கவில்லை: ‘ஐ மேட் ஹிம் சைன்’. அது அவர் வேலை, சொன்னேன், போட்டார்: ‘ஐ ஹேட் ஹிம் சைன்’. அவரே போட ஆசைப்பட்டார், சரி என்று விட்டுவிட்டேன்: ‘ஐ லெட் ஹிம் சைன்’.

இந்த நான்கில் கெட்டுக்கு மட்டும்தான் ‘டு’ உண்டு. நான் பார்த்தவரை பத்துப் பேரில் எட்டுப் பேர் இதில்தான் தடுக்குகிறார்கள். ஒன்று ‘மேட் ஹிம் டு சைன்’ என்பார்கள், இல்லையென்றால் ‘காட் ஹிம் சைன்’ என்பார்கள். முரண்டு பிடிக்கும் பொருள்களுக்கும் கெட் வரும்: ‘ஐ குடின்ட் கெட் த என்ஜின் டு ஸ்டார்ட்’. எவ்வளவோ பார்த்தும் என்ஜின் மசியவில்லை.

மாற்றம்னு சொன்னீங்க. அப்போ ‘ஐ ஹேவ் காட் எ பென்’ எப்படி ‘இருக்கு’ன்னு ஆகுது?

நல்ல பிடி. ‘ஐ ஹேவ் காட்’ என்பதை அப்படியே தமிழில் சொன்னால் ‘எனக்குக் கிடைத்திருக்கிறது’. கிடைத்திருக்கிறது என்றால் இப்போது என்னிடம் இருக்கிறது என்றுதானே? அந்த வழியில்தான் ‘ஹேவ் காட்’ மெல்ல மெல்ல ‘ஹேவ்’ என்ற பொருளுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அமெரிக்கர்கள் இங்கே ‘காட்டன்’ போடமாட்டார்கள். ‘ஐ ஹேவ் காட் எ பென்’ என்றால் பேனா இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ பென்’ என்றால் பேனா வாங்கியாயிற்று. இரண்டு வடிவத்தையும் வைத்துக்கொண்டதில் அவர்களுக்கு இப்படி ஒரு லாபம்.

கேள்வியில் ‘ஹேவ் யு காட் எ பென்?’ அல்லது ‘டு யு ஹேவ் எ பென்?’ இரண்டையும் கலந்து ‘டு யு ஹேவ் காட்’ என்று கேட்காதீர்கள். அப்புறம் ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் போயாக வேண்டும். அதையே வேகமாகச் சொல்லும்போது ‘காட்டா’ ஆகிறது. பேச்சில் சரி, எழுத்தில் தவிர்த்துவிடுங்கள்.

‘கெட் டு’ன்னா போய்ச் சேர்றதா, வாய்ப்பா, தெரிஞ்சுக்கறதா?

பின்னால் வருவதைப் பாருங்கள். இடம் வந்தால் போய்ச் சேர்வது: ‘வி காட் டு த ஸ்டேஷன்’. ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் டு வேண்டாம், ‘கெட் ஹோம்’தான். வினை வந்தால் வாய்ப்பு கிடைப்பது: ‘ஐ காட் டு சீ த ஓஷன்’, அதாவது கடலைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

‘கெட் டு நோ’ மட்டும் தனி. பழகிப் பழகி ஒருவரை அறிந்துகொள்வது அது. அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதை நம்மில் பலர் ‘ஐ காட் டு நோ’ என்று சொல்கிறோம். அதற்கு ‘ஐ ஹெர்ட்’ அல்லது ‘ஐ ஃபவுண்ட் அவுட்’ இயல்பாக இருக்கும்.

பஸ்ல இருந்து இறங்கறது ‘கெட் டவுன்’தானே? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

இந்திய ஆங்கிலத்தில் அப்படித்தான். இங்கே எல்லாருக்கும் புரியும். பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் ‘கெட் ஆஃப்’. அவர்களிடம் ‘கெட் டவுன்’ என்றால் ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவது, அல்லது தலையைக் குனிந்து பதுங்குவது. ஓடும் பேருந்தில் திடீரென்று ‘கெட் டவுன்!’ என்று கத்தினால் எல்லாரும் இருக்கைக்குக் கீழே புகுந்துவிடுவார்கள்.

ஏறுவதற்கு ஒரு கைவிதி உண்டு. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’: பேருந்து, ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய வண்டி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’: கார், டாக்ஸி. மேலே ஏறி உட்காரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் மறுபடி ஆன், ஆஃப்.

‘ஐ ஆம் நாட் கெட்டிங் யு’ தப்பா?

நம்மூர் ஆங்கிலத்தில் சாதாரணம். வெளியே விநோதமாகக் கேட்கும். ‘எனக்குப் புரியவில்லை’ என்பதற்கு ‘ஐ டோன்ட் கெட் இட்’. விளக்கியதும் புரிந்துவிட்டால் ‘காட் இட்’. ‘ஐ கெட் இட்’ என்பதில் ‘உன் நிலைமை எனக்குப் புரிகிறது’ என்ற ஒட்டுதல் இருக்கும். எரிச்சலோடு சொன்னால் ‘புரிகிறது, நிறுத்து’ என்றும் ஆகும். எல்லாம் குரலில்தான் இருக்கிறது.

கெட் ஓவர், கெட் பை, கெட் அவே வித்... இதையெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தவர்கள் யாரும் பேசும்போது அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. கூட வரும் சின்னச் சொல் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று பாருங்கள். கெட் அந்தத் திசையில் நகர்கிறது. ‘ஓவர்’ என்றால் தாண்டி. துக்கத்தையோ நோயையோ கடந்து வருவது ‘கெட் ஓவர்’. ‘த்ரூ’ என்றால் ஊடாக. கஷ்டத்துக்குள் புகுந்து மறுபக்கம் வருவது ‘கெட் த்ரூ’. தப்பு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் நழுவினால் ‘கெட் அவே வித்’. ‘கெட் பை’க்கு நம்மிடம் அச்சான சொல் இருக்கிறது: ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

‘கெட் அப்’ படுக்கையை விட்டு எழுவது; ‘வேக் அப்’ கண் விழிப்பது மட்டும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நேரம் என்பது அவரவர் சாமர்த்தியம். நாம் தமிழில் வேஷத்துக்குச் சொல்லும் ‘கெட்டப்’பும் ஆங்கிலச் சொல்தான், ஆனால் அது பெயர்ச்சொல்.

‘ஐ காட் மை பைக் ஸ்டோலன்’னு ஒருத்தர் சொன்னார். அவரே ஆள் வெச்சுத் திருடினாரா?

முடி வெட்டிய பதிலைப் படித்துவிட்டு இதைக் கேட்டால் சந்தேகம் நியாயமே. வடிவம் ஒன்றேதான்: கெட், பொருள், மூன்றாவது வடிவம். ஆனால் இதற்கு இரண்டு உயிர் உண்டு. ஆள் வைத்துச் செய்துகொண்டது ஒன்று. நம்மை மீறி நமக்கு நேர்ந்தது இன்னொன்று. ‘ஹி காட் ஹிஸ் ஃபிங்கர் காட் இன் த டோர்’ என்றால் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது. யாரும் காசு கொடுத்து அதைச் செய்துகொள்வதில்லை. எந்தப் பொருள் என்பதைக் கேட்பவரின் பொது அறிவு தீர்மானிக்கிறது.

இப்படிச் சந்தேகம் வரும் இடத்தில் ‘மை பைக் காட் ஸ்டோலன்’ என்று வண்டியை முன்னால் நிறுத்திவிடுங்கள். திட்டு வாங்கிய அதே வாக்கிய வகைதான். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது மட்டும் ‘வாஸ் ஸ்டோலன்’ என்று எழுதுங்கள்.